ஓலை வளையல் வைத்த வளைகாப்பு அழைப்பிதழ்: 50 செய்யக் கணக்கு

ராமநாதபுரம் கரையோரத்தில் கையால் அழைப்பிதழ் செய்கிறவர்களுக்கு முதல் எதிரி கடல்காற்று. மண்டபமோ தேவிபட்டினமோ சாயல்குடியோ, எங்கே உட்கார்ந்து செய்தாலும் பசை காயாது, அட்டை நெளியும், ஜெல் பேனா மை விரல் பட்டதும் இழுக்கும். ஆகவே பசையை நம்பாமல் நூலால் தைத்து நிறுத்துகிற வடிவம்தான் இங்கே சரிவரும். மடித்த அட்டை, அதன் முகப்பில் சின்ன ஓலை வளையல். கண்ணாடி வளையலைக் கட்டிக் கொடுப்பவர்களும் உண்டு. வழியில் ஒன்று உடைந்தால் போதும், வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஓலையில் அந்தத் தொல்லை இல்லை.

அட்டைக்கு 250 ஜிஎஸ்எம் ஐவரி, ஏ4 அளவில் 25 தாள். வீணாவதற்கு மூன்று கூடுதல். ஒவ்வொன்றையும் குறுக்கே பாதியாக வெட்டி மடித்தால் 10.5 × 14.8 செ.மீ. அழைப்பிதழ் இரண்டு வரும். கனமான அட்டையை அப்படியே மடித்தால் மடிப்பில் வெடித்து வெள்ளைக்கோடு தெரியும். இரும்பு ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஒருமுறை அழுத்திக் கோடு இழுத்துவிட்டு மடியுங்கள். ஏ4 அட்டையில் நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். இந்த வெட்டில் மடிப்பும் அதே திசையில் விழுவதால் அட்டை முரண்டு பிடிக்காது.

ஓலைதான் நேரம் பிடிக்கிற வேலை. பனங்குருத்தோலை வேண்டும், முற்றிய ஓலை வளைத்தால் ஒடியும். பதநீர் இறக்கும் காலத்தில் பனையேறிகளிடம் சொல்லி வைத்தால் கிடைக்கும். இல்லாவிட்டால் பெட்டி முடைகிற பெண்களிடம் பட்டையாக வாரிச் சாயம் போட்ட ஓலையாகவே வாங்கிவிடலாம், அதுவே புத்திசாலித்தனம். பச்சையாக வாங்கினால் ஈர்க்கை உரித்தெடுத்து, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள். அரைகுறையாகக் காய்ந்ததைப் பையில் கட்டி வைத்தால் கரும்புள்ளி விழும், அது போகவே போகாது.

ஒரு வளையலுக்கு 5 மி.மீ. அகலத்தில் 35 செ.மீ. பட்டை ஒன்று, சுற்றிக்கட்ட 3 மி.மீ. அகலத்தில் 30 செ.மீ. பட்டை ஒன்று. முதலாவதை ஓலையின் நிறத்திலேயே விட்டு, இரண்டாவதுக்குப் பச்சையோ சிவப்போ சாயம் ஏற்றினால் எடுப்பாக இருக்கும். கறுப்பு வேண்டாம். சாயம் ஏற்றியதும் தண்ணீர் தெளிந்து வரும்வரை அலசுங்கள். மிச்சச் சாயம் இருந்தால் ஈரக்காற்றில் கசிந்து வெள்ளை அட்டையில் வட்டமாகக் கறை போடும்.

சுற்றுவதற்கு முன் பட்டைகளை ஈரத்துணியில் கால் மணி நேரம் பொதிந்து வையுங்கள். தண்ணீரில் ஊறப்போடக் கூடாது: ஊறிய ஓலை உப்பும், காய்ந்தபின் சுருங்கி வளையல் தொளதொளத்துப் போகும். சுமார் 3.5 செ.மீ. விட்டமுள்ள பைப் துண்டில் அகலப் பட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சுற்றுச் சுற்றுங்கள். சுற்றுக்கு 11 செ.மீ. வீதம் 33 போக, மிச்சம் 2 செ.மீ. மேலேறும். நழுவாமல் பிடித்தபடி பைப்பிலிருந்து உருவி, சாயப் பட்டையின் நுனியை அடுக்குக்குள் செருகி, சுற்றுக்குச் சுற்று 6 மி.மீ. தள்ளிச் சாய்வாகச் சுற்றிக்கொண்டே போங்கள். 18 சுற்றில் தொடங்கிய இடத்துக்கு வந்துவிடும். கடைசி நுனியைப் பின்னூசியால் அடுக்கை நெகிழ்த்தி உள்ளே தள்ளி, இழுத்து, மிச்சத்தை நறுக்குங்கள். இரவு முழுக்க ஃபேன் காற்றில் காயட்டும். விசைப்படகுத் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்குள் நாள் குறித்திருந்தால், கடல்காரர் வீடுகளில் இதற்கு ஆள் பஞ்சம் இராது. வலை முடிகிற கைக்கு இது விளையாட்டு.

அட்டையின் முகப்பை ஒரு தெர்மோகோல் மேல் வைத்து, வளையல் உட்காரும் இடத்தில் மேலே இரண்டு, கீழே இரண்டு துளை ஊசியால் போடுங்கள். இரட்டை நூலால் ஓலையை அணைத்துத் தைத்து உள்பக்கம் முடிச்சிடுங்கள். இழுத்துக் கட்டினால் அட்டை குழியும். முடிச்சை மறைப்பது உள்தாள்: 100 ஜிஎஸ்எம், 20 × 14 செ.மீ., நடுவில் மடித்தது. இடப்பக்கத்தை மட்டும் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள். இருபக்கமும் ஒட்டினால் மூடும்போது மடிப்பில் கசங்கும்.

வாசகம் உள்தாளின் வலப்பக்கம். லேசர் பிரிண்ட் எடுங்கள். இங்க்ஜெட் மையில், கடைசியில் மூலைகளில் தொடும் மஞ்சளின் ஈரம் பட்டால் கலையும். நீட்டி எழுத வேண்டியதில்லை: “எங்கள் மகளுக்கு வளைகாப்பு அணிவித்துச் சீமந்தம் செய்ய இருக்கிறோம். சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து வாழ்த்த வேண்டுகிறோம்.” கீழே நாள், நேரம், இடம், இரு வீட்டார் பெயர். அச்சுக்குக் கொடுக்கும் முன் ராகுகாலத்தை ஒருமுறை பாருங்கள், வெள்ளி 10.30–12, திங்கள் 7.30–9. ஐம்பதும் அச்சான பிறகு மாமியார் கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் பிரித்து ஒட்ட வேண்டும். கதவு எண்ணைவிட, எந்தக் கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் பக்கம் என்று எழுதுவதே வெளியூர் உறவுக்கு உதவும்.

நான்கு மூலையிலும் மஞ்சள் தொடுவது கடைசி வேலை. கெட்டியாகக் குழையுங்கள், நீர்த்தால் பரவும். சுண்ணாம்பு தொட்ட கையோ சோப்பு போகாத கையோ பட்டால் மஞ்சள் சிவந்துவிடும். வெற்றிலை மடிப்பவரிடம் இந்த வேலையைத் தராதீர்கள்.

வளையல் 5 மி.மீ. உயரம் நிற்கும் என்பதால் அழைப்பிதழ்களைப் படுக்கையாக அடுக்கினால் அடியில் உள்ளவை நசுங்கும். செருப்பு டப்பாவில் நிறுத்தி அடுக்குங்கள். தபாலில் போக வேண்டியவற்றுக்கு வளையலே வேண்டாம்: முத்திரை குத்தும்போது தட்டையாகிவிடும். அதே பட்டைகளால் 3 செ.மீ. சதுரத்தில் பாய் போலப் பின்னி, நான்கு மூலையிலும் தைத்துவிடுங்கள்.