ரத்தம் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்

"ரத்தம் நின்னாச்சுல்லா, இனி எதுக்கு மாத்திரை?" மார்த்தாண்டம், தக்கலை பக்கம் பெண்கள் கூடும் இடத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. மாதவிலக்கு மாசக்கணக்கில் தள்ளிப்போய், பிறகு நிற்காமல் போகிறவர்களுக்கு மருத்துவர் புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன் வகை மாத்திரையை 10 நாளோ 14 நாளோ எழுதித் தருவார். நாலாம் நாளே நிறுத்துவதுதான் பெரிய தவறு.

ஏன் அத்தனை நாள்? ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு பெண் ஹார்மோன், கருப்பைச் செல்லுக்குள் இருக்கும் ஏற்பியோடு (ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) சேர்ந்தால்தான் வேலை செய்யும். மாதவிலக்குச் சுழற்சியின் முதல் பாதியில் அது கருப்பையின் உள்சுவரை வளர்க்கிறது. தனக்கான ஏற்பிகளையும் புரோஜெஸ்டிரோனுக்கான ஏற்பிகளையும் பெருக்குகிறது. கருமுட்டை வெளியானதும் புரோஜெஸ்டிரோன் வந்து, செல் புதிதாக ஈஸ்ட்ரோஜன் ஏற்பி செய்வதைக் குறைக்கிறது. ஈஸ்ட்ரோஜனுக்கு எதிரான இந்த வேலையை எலிகளின் கருப்பையில் 1975-லேயே காட்டிவிட்டார்கள். அதோடு புரோஜெஸ்டிரோன் ஒரு நொதியைத் தூண்டி, எஸ்ட்ரடையோல் என்ற வலுவான ஈஸ்ட்ரோஜனை, எஸ்ட்ரோன் என்ற வலுக்குறைந்த ஈஸ்ட்ரோஜனாக மாற்றவும் செய்கிறது. ஆக, ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் இருந்தாலும் உள்சுவரில் அதன் பிடி தளர்ந்துவிடும். இதெல்லாம் ஓரிரு நாளில் முடிகிற காரியம் இல்லை. நாள்கணக்கு அதற்காகத்தான்.

பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருந்து முட்டை வெளியாகாத பெண்களுக்குப் புரோஜெஸ்டிரோன் சரியாகச் சுரக்காது. உள்சுவர் தடித்துக்கொண்டே போகும். வருடக்கணக்கில் விட்டால் புற்றுநோய் வரைக்கும் போகலாம். "மாதவிலக்கு வராதது நல்லதுதானே" என்று இருந்துவிடக் கூடாது. மாத்திரை முடிந்த சில நாளில் ரத்தம் வந்தால், மருந்து பலிக்கவில்லை என்று பயப்படவும் வேண்டாம். அது வரவேண்டிய ரத்தம்தான்.

முட்டை வெளியானதா என்று பார்க்கும் புரோஜெஸ்டிரோன் ரத்தப் பரிசோதனையை எல்லோரும் மாதவிலக்கு தொடங்கியதிலிருந்து 21-ம் நாளில் எடுப்பதும் சரியில்லை. 28 நாள் சுழற்சிக்குத்தான் அந்தக் கணக்கு. 35 நாள் சுழற்சி என்றால் 28-ம் நாள்வாக்கில் எடுக்க வேண்டும்.

மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்கு மாதவிலக்கைத் தள்ளிப்போட, பக்கத்து வீட்டு அக்கா சொன்னதைக் கேட்டு இந்த வகை மாத்திரையை மெடிக்கலில் வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பு வந்தவர்களுக்கு இது ஆபத்து. மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது.

அப்புறம், மாதவிலக்கு முற்றிலும் நின்று ஒரு வருடம் கழிந்தபின் துளி ரத்தம் பட்டாலும், வீட்டில் இருக்கும் பழைய மாத்திரையைப் போட்டு நிறுத்தப் பார்க்காதீர்கள். முதலில் மருத்துவரைப் பார்த்து, ஸ்கேனில் உள்சுவர் எவ்வளவு தடித்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.