பக்கவாதம் வந்தபின் மூளை செல்லுக்குள் என்ன நடக்கிறது? ஒரே தாளில் வரைந்து படிப்போம்

பாளையங்கோட்டைப் பக்கம் நர்சிங், பிஸியோதெரபி படிக்கிற பிள்ளைகள் இந்தப் பாடத்தை மனப்பாடம் செய்வதைப் பார்க்கிறேன். குளூட்டமேட், கால்சியம், கேஸ்பேஸ் என்று கடகடவென ஒப்பிப்பார்கள், எதனால் எது வந்தது என்று கேட்டால் நின்றுவிடுவார்கள். இதை ஒப்பிக்கக் கூடாது, வரையணும். ஒரு வெள்ளைத் தாளும் இரண்டு கலர் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தக்குழாய் அடைத்து வருகிற பக்கவாதத்தை மட்டும் பார்ப்போம், குழாய் வெடித்து வருவதைத் தனியாகத்தான் படிக்கணும்.

படி 1: இரண்டு வட்டம்

தாளின் நடுவில் சின்ன வட்டம், அதைச் சுற்றி ஒரு பெரிய வட்டம். உள்ளே இருப்பது மையம், வெளி வளையத்துக்குப் பெனும்ப்ரா என்று பெயர். நல்ல மூளையில் 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் ஓடும். குழாய் அடைத்ததும் மையத்தில் அது ஏறக்குறைய 10-க்குக் கீழே போய்விடும், வளையத்தில் 10-க்கும் 20-க்கும் நடுவில் தள்ளாடும். கன்னடியன் கால்வாயில் ஒரு மடையை அடைத்தாலும் அடுத்த வயலின் கசிவில் ஓரத்துப் பயிர் கொஞ்ச நாள் பச்சையாக நிற்குமே, அந்த மாதிரி பக்கத்துக் குழாய்களின் ரத்தத்தில் வளையம் தாக்குப்பிடிக்கிறது. வளையத்துச் செல் வேலையை நிறுத்திவிட்டது, ஆனால் சாகவில்லை. கை தூக்க வராமல் ஒருவர் கிடக்கிறார் என்றால் அந்தக் கைக்கான செல்கள் எல்லாமே போய்விட்டன என்று அர்த்தம் இல்லை. இதை நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

படி 2: பம்பு நிற்கிறது

இப்போது மையத்திலிருந்து ஒரு நியூரானை, அதாவது ஒரு நரம்பு செல்லை, பெரிதாக வரையுங்கள். அதன் சுவரில் சோடியம்-பொட்டாசியம் பம்பு. ஒரு ஏடிபி (செல்லின் எரிபொருள் மூலக்கூறு) செலவழித்து 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் (1957-இல் இதைக் கண்டுபிடித்த யென்ஸ் ஸ்கூவுக்கு 1997-இல் நோபல் கிடைத்தது). உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை, ஆனால் ஆக்சிஜனில் 20 சதவீதம் அதற்கே போகிறது, அதில் பெரும் பங்கை இந்தப் பம்புதான் தின்கிறது. மூளையில் சேமிப்பு என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. ரத்தம் நின்ற சில நிமிடங்களில் ஏடிபி தீரும், பம்பு நிற்கும், சோடியம் உள்ளே வரும், பின்னாலேயே தண்ணீரும் வந்து செல் வீங்கும்.

எம்ஆர்ஐயின் டிஃப்யூஷன் படத்தில் வெள்ளையாகத் தெரிவது இந்த வீக்கம்தான். சிடி ஸ்கேனில் முதல் சில மணி நேரம் பெரும்பாலும் எதுவும் தெளிவாகத் தெரியாது. ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான் அதை முதலில் எடுக்கிறார்கள். “சிடியில ஒண்ணும் இல்லைன்னுட்டாங்களே” என்று நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்பப் பார்க்கிற குடும்பத்துக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கணும்.

படி 3: குளூட்டமேட் வெள்ளம்

இங்கே அவசரப்படாதீர்கள். இரண்டு நியூரான்கள் சந்திக்கும் இடத்தை வரையுங்கள், ஓரமாக ஒரு ஆஸ்ட்ரோசைட், நியூரான்களுக்குத் துணை நிற்கும் செல். சாதாரண நாளில் ஒரு நியூரான் துளி குளூட்டமேட் (அடுத்த நியூரானுக்குச் சேதி சொல்லும் ரசாயனம்) விடும், அடுத்தது வாங்கும், மிச்சத்தை ஆஸ்ட்ரோசைட் உறிஞ்சிக்கொள்ளும். அப்படி உறிஞ்சுவதற்கான விசையே பம்பு உண்டாக்கி வைத்த சோடியம் வித்தியாசம்தான். பம்பு நின்றதும் நியூரான்கள் குளூட்டமேட்டைக் கொட்டுகின்றன, உறிஞ்சவும் ஆள் இல்லை, உறிஞ்சும் புரதமே திசை மாறி வெளியே விடவும் தொடங்குகிறது.

அடுத்த நியூரானில் என்எம்டிஏ ஏற்பியை (குளூட்டமேட் ஒட்டினால் திறக்கும் கதவு) வரைந்து அதன் வாயில் ஒரு மெக்னீசியம் புள்ளி வையுங்கள். குளூட்டமேட் வந்து ஒட்டினால் மட்டும் போதாது, அந்தப் புள்ளி விலகச் செல்லின் மின்னழுத்தமும் குலைந்திருக்கணும். பக்கவாதத்தில் இரண்டும் சேர்ந்தே நடப்பதால் கதவு திறந்தபடி கிடக்கிறது. வெளியே கால்சியம் உள்ளே இருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு. அது அப்படியே பாய்கிறது. அளவுக்கு மீறித் தூண்டப்பட்டே நியூரான் சாகிற இந்த நிலைக்கு 1969-இல் எக்சைட்டோடாக்சிசிட்டி என்று பெயர் வைத்தவர் ஜான் ஓல்னி.

படி 4: கால்சியத்திலிருந்து மூன்று அம்பு

முதல் அம்பு கால்பெய்ன், செல்லின் சட்டகப் புரதங்களை வெட்டும் நொதி. இரண்டாவது நைட்ரிக் ஆக்சைடு, அது சூப்பராக்சைடோடு சேர்ந்து பெராக்சிநைட்ரைட் ஆகி டிஎன்ஏ வரைக்கும் சேதம் செய்யும். மூன்றாவது மைட்டோகாண்ட்ரியா, அது கால்சியத்தை விழுங்கி விழுங்கி உடைந்து சைட்டோகுரோம் சி என்ற புரதத்தைக் கசியவிட, செல்லைப் பிரித்துப்போடும் நொதிகளான கேஸ்பேஸ்கள் விழித்துக்கொள்ளும். மையத்துச் செல் பெரும்பாலும் வெடித்தே சாகும். வளையத்தில் பலதும் கேஸ்பேஸ் வழியாக ஒழுங்காகத் தன்னைத் தானே பிரித்துக்கொண்டு சாகும், ஏனென்றால் அப்படிச் சாகவும் ஏடிபி வேணும், அது அங்கே இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

படி 5: தற்காப்பு, அப்புறம் கடிகாரம்

வளையத்தில் வேறு கலரில் எச்ஐஎஃப்-1 என்று எழுதுங்கள், ஆக்சிஜன் குறைந்தால் வேலைக்கு வரும் புரதம் அது. ஆக்சிஜன் இருக்கிறவரை இதன் ஒரு பாதியைச் செல் உண்டாக்கி உண்டாக்கி அழித்துக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் குறைந்தால் அழிப்பு நிற்கும், அது செல்லின் உட்கருவுக்குள் போய் புது ரத்தக்குழாய்க்கும் குளுக்கோஸை உள்ளே எடுப்பதற்கும் உரிய மரபணுக்களை இயக்கிவிடும். 2019 மருத்துவ நோபல் இந்த ஆக்சிஜன் உணர்வுக்குத்தான்.

ஆனால் தற்காப்புக்கு நேரம் பிடிக்கும், சாவு வேகமாக வரும். பெரிய குழாய் அடைத்தால் சராசரியாக நிமிடத்துக்கு 19 லட்சம் நியூரான்கள் போகின்றன என்று 2006-இல் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார். குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான எல்லை 4.5 மணி நேரம், பெரிய குழாயிலிருந்து கட்டியை இழுத்து எடுப்பது தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைக்கும். களக்காட்டிலோ கடையத்திலோ ராத்திரி ஒருவருக்கு வாய் கோணினால் “வாதம் அடிச்சிட்டு, விடியட்டும்” என்று எண்ணெய் தேய்த்து உட்கார்ந்திருந்தால், அந்த இரவு முழுக்க வளையம் மையமாக மாறிக்கொண்டிருக்கும். 108-ஐக் கூப்பிடுங்கள், கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

படி 6: தாளைத் திருப்புங்கள்

பின்பக்கம் ஒரு கோடு போட்டு முதல் நாள், முதல் வாரம், முதல் மாதம் என்று பிரியுங்கள். முதல் நாளில் செத்த செல்களின் சிதறல்களைக் கண்டு மைக்ரோக்ளியா (மூளையின் காவல் செல்கள்) இன்டர்லூக்கின்-1, டிஎன்எஃப் என்று அழற்சியைக் கிளப்பும் புரதங்களை எல்லாம் விடும். எம்எம்பி-9 என்ற நொதி ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை அரிக்கும், வீக்கம் கூடும். அடுத்த வாரங்களில் அதே மைக்ரோக்ளியா குப்பையைத் தின்று சுத்தம் செய்யும், விலங்குச் சோதனைகளில் அதே எம்எம்பி-9 புதுக்குழாய் வளர உதவுகிறது. ஆஸ்ட்ரோசைட்டுகள் சுற்றி வடு கட்டும். பிடிஎன்எஃப் போன்ற வளர்ச்சிப் புரதங்களோடு பிழைத்த நியூரான்கள் புது இணைப்பு தேடும், பிஸியோதெரபி அந்த இணைப்புகளுக்கு வேலை கொடுக்கிறது.

சரி, தாளை மூடிவிட்டு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். என்எம்டிஏவை அடைக்கும் மருந்துகள் எலியில் நன்றாக வேலை செய்தும் மனிதரில் தோற்றன. பத்தாம் நாள் கை அசைக்கப் பழகுகிறவருக்கு அப்படி ஒரு மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? பதில் வராவிட்டால் மூன்றாம் படியில் “சாதாரண நாளில்” என்று தொடங்கும் வரியை மறுபடி படியுங்கள். கற்றுக்கொள்வதற்கும் அந்தக் கதவு திறக்கணும்.