திரும்பும் விமானத்தை முதலில் பாருங்கள்

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா, அதாவது காற்று சிலிண்டருடன் கடலுக்கடியில் நீந்துவது, கற்றுத்தருகிறேன். யார் வந்தாலும் முதலில் கேட்பது, ஊர் திரும்பும் விமானம் எப்போது என்பதைத்தான். நாளைக் காலை என்றால் இன்று பிற்பகல் அவரைக் கடலில் இறக்கமாட்டேன். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்கள் என்றால் 18 மணி நேரம் தரையில் இருக்க வேண்டும். நான் எல்லோருக்கும் முழுதாக ஒரு நாள் என்றே சொல்கிறேன். போர்ட் பிளேரில் செல்லுலார் சிறையைப் பார்க்க அந்த நாள் உதவும்.

காரணம் நைட்ரஜன். 18 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தைப் போல் 2.8 மடங்கு, சுவாசிக்கும் காற்றின் நைட்ரஜன் அந்த அளவுக்கு அதிகமாக உடலில் கரைகிறது. அது மெதுவாக நுரையீரல் வழியே வெளியேற வேண்டும். வேகமாக மேலே வந்தாலோ, விமானத்தின் குறைந்த அழுத்தத்துக்குள் போனாலோ இரத்தத்திலும் திசுக்களிலும் குமிழாகிவிடும். அதுதான் டிகம்ப்ரஷன் நோய்.

ஆகவே நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதீர்கள். 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள். ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர் ஆளுக்கொன்று வேண்டும்; உங்களோடு டைவ் செய்பவர் உங்களைவிட இரண்டு மீட்டர் மேலே நீந்தியிருந்தால் அவருடைய கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. படகில் வாந்தி எடுத்தவர்கள் தண்ணீர் குடித்துத் தேறாமல் மறுபடி இறங்கக் கூடாது. மாலையில் மது வேண்டாம்.

விதிகளைப் பின்பற்றியவர்களுக்கும் இந்நோய் வரலாம், அதனால் அறிகுறியை மறைக்காதீர்கள். தோளிலோ முழங்கையிலோ வலி, தோலில் திட்டுகள், கைகால் மரத்துப்போதல், தலைசுற்றல், காரணமில்லாத அசதி: இவற்றில் ஒன்று போதும். சிலிண்டர் தூக்கியதால் வலிக்கிறது என்று பலரும் சமாதானம் சொல்கிறார்கள். அந்தச் சமாதானத்தை நான் ஏற்பதே இல்லை. உடனே படுக்கவைத்து 100 சதவீத ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். மீண்டும் கடலில் இறக்கிச் சரிசெய்ய முயல்வது ஆபத்து. ஆக்சிஜனில் வலி குறைந்தாலும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். போர்ட் பிளேர் கடற்படை மருத்துவமனையில் உயர் அழுத்த அறை இருக்கிறது. அத்தகைய அறையில் 18 மீட்டர் ஆழத்துக்கு இணையான அழுத்தத்தில் தொடங்கும் வழக்கமான சிகிச்சை முடிய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். ஒரு நாள் தாமதமாகிவிட்டது என்று போகாமல் இருந்துவிடாதீர்கள்.

படகில் ஏறும் முன் ஆக்சிஜன் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உருளை நிரம்பியிருக்கிறதா, முகமூடி இருக்கிறதா என்று பாருங்கள். காட்டத் தயங்கினால் வேறு படகு தேடுங்கள்.