இயற்கைப் பாதையில் மலைச் சைக்கிள்: விடுமுறைத் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலைச் சைக்கிளுக்கென்றே வெட்டிச் சீரமைத்த பூங்காப் பாதைகளில் வளைவுக்கு வளைவு மண் அணைத்திருப்பார்கள், மழைநீர் வடிய வழி விட்டிருப்பார்கள், பாதை எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லும் வண்ணப் பலகையைத் தொடக்கத்திலேயே நட்டிருப்பார்கள். நாட்டுப்புறத்தில் ஆட்டு மந்தைகளும் மரம் ஏற்றும் வண்டிகளும் நடைப்பயணிகளும் ஆண்டுக்கணக்கில் போய்ப் போய் உண்டான பாதைகளில் இவற்றில் எதையும் எதிர்பார்க்க முடியாது. அங்கே கடினமான இடம் எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்வதற்கு யாரும் இல்லை; மழைக்குப் பின் பழுதுபார்க்கவும் பெரும்பாலும் யாரும் இல்லை. விடுமுறையில் இத்தகைய பாதைகளைத் தேடிப் போகிறவர்கள் சிக்கிக்கொள்வதற்கு ஓட்டும் திறமைக் குறைவைவிட, பூங்காவுக்குப் போடும் கணக்கையே இங்கும் போடுவதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கிறது.

அந்தக் கணக்கில் முதல் பிழை, கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஒரு நாளைத் திட்டமிடுவது. தார்ச்சாலையில் 60 கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவர், பாதி தூரம்தானே என்று 30 கிலோமீட்டர் மலைச் சுற்றைத் தேர்ந்தெடுக்கிறார். இருட்டும் நேரத்தில் இன்னும் 10 கிலோமீட்டர் மிச்சமிருக்கிறது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நேய்ஸ்மித் 1892இல் நடைப்பயணிகளுக்காக ஒரு விதியைச் சொன்னார்: ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறவேண்டிய ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். இந்த எண்கள் சைக்கிளுக்குப் பொருந்தா என்றாலும், தூரத்தையும் ஏற்றத்தையும் தனித்தனியே எண்ணிக் கூட்டும் முறை அப்படியே பொருந்துகிறது. சராசரி உடல்திறன் உள்ள ஒருவர், மிதித்து ஏறக்கூடிய பாதையில் மணிக்கு 300 முதல் 500 மீட்டர் உயரம் ஏறலாம் என்று வைத்துக்கொள்ளலாம். 900 மீட்டர் ஏற்றம் கொண்ட 30 கிலோமீட்டர் சுற்றில் ஏறுவதற்கு மட்டும் 2 முதல் 3 மணி நேரம் போய்விடும். ஏற்றம் 10 கிலோமீட்டர் என்று கொண்டால், மீதமுள்ள 20 கிலோமீட்டர் கரடுமுரடான பாதைக்கு மணிக்கு 10 கிலோமீட்டர் என்று வைத்தால் இன்னொரு 2 மணி. வேலிக் கதவுகள், வழி பார்த்தல், ஒரு பஞ்சர், சாப்பாடு ஆகியவற்றுக்கு 1 மணி. ஆக, தூரத்தை மட்டும் பார்த்துக் காலை வேலை என்று நினைத்தது, காலையில் புறப்பட்டால் மாலைவரை நீளும் வேலையாகிறது.

இந்தக் கணக்கிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. மொத்த ஏற்றம் 600 மீட்டர் என்று செயலி காட்டும் இரண்டு பாதைகளில் ஒன்று சீரான வனச்சாலையாக இருக்கலாம். மற்றொன்று இறங்குவதும் சட்டென்று ஏறுவதுமாக, ஒவ்வொரு ஏற்றத்திலும் இறங்கித் தள்ளவைக்கும் பாதையாக இருக்கலாம். இந்த வேறுபாடு, ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் வரைபடத்தின் சமவுயரக் கோடுகளில்தான் தெரியும். 1:25,000 அளவிலான வரைபடத்தில் 4 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடையிலான உயர வேறுபாடு 10 மீட்டர் என்றால், பாதையின் வழியே 2 சென்டிமீட்டருக்குள் பத்து இடைவெளிகளைக் கடக்கும்போது 500 மீட்டர் தூரத்தில் 100 மீட்டர் ஏறுகிறோம். அதாவது 20 சதவீதச் சரிவு. தளர்ந்த கற்கள் கிடக்கும் பாதையில் அந்தச் சரிவைப் பெரும்பாலானோர் மிதித்து ஏற மாட்டார்கள், தள்ளிக்கொண்டுதான் போவார்கள். தள்ளும் வேகம் மணிக்கு 2 அல்லது 3 கிலோமீட்டர்தான். கோடுகள் நெருங்கிக் கிடக்கும் இடங்களை முந்தின இரவே பென்சிலால் குறித்து, அவற்றின் நீளத்தைத் தனியே கூட்டிப் பார்ப்பவருக்கு மறுநாள் அதிர்ச்சி குறைவு.

அதே கோடுகளே சுற்றை எந்தத் திசையில் ஓட்டுவது என்பதையும் சொல்கின்றன. அகலமான, சீரான வனச்சாலையில் ஏறி, குறுகிய ஒற்றையடிப் பாதையில் இறங்குவதே பொதுவாக நல்லது; மாற்றி ஓட்டினால் சுவையான பாதையில் சைக்கிளைச் சுமந்து ஏறிவிட்டு, சாலையில் பிரேக் பிடித்துக்கொண்டே இறங்க வேண்டியிருக்கும். ஆனால் அந்த ஒற்றையடிப் பாதை பாறைப் படிகளாக விழுகிறது, குழுவில் ஒருவருக்காவது அது கைமீறியது என்றால், அதில் ஏறிப்போவதே பாதுகாப்பு. ஏற முடியாதவர் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார். இறங்க முடியாதவர் விழுந்த பிறகுதான் அதை ஒப்புக்கொள்வார்.

வரைபடத்தில் கோடு இருக்கிறது, எனவே சைக்கிளில் போகலாம் என்று எடுத்துக்கொள்வது அடுத்த பெரிய தவறு. இந்த உரிமை நாட்டுக்கு நாடு மட்டுமல்ல, மாநிலத்துக்கு மாநிலமும் மாறுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1968ஆம் ஆண்டு நாட்டுப்புறச் சட்டம் குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமையைத் தந்தது. நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் வழி விட வேண்டும் என்பது நிபந்தனை. நடைபாதைகளில் அந்த உரிமை கிடையாது. எல்லையைத் தாண்டி ஸ்காட்லாந்துக்குப் போனால், 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் பெரும்பாலான நிலங்களில் சைக்கிளில் போகலாம். ஆஸ்திரியாவின் காடுகளில் நடப்பதற்கு எல்லோருக்கும் உரிமை உண்டு, சைக்கிள் ஓட்டுவதற்கோ வனச்சாலையிலும்கூட உரியவரின் இசைவு வேண்டும். ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் காட்டுக்குள் 2 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள பாதைகளில் பொதுவாக ஓட்டக்கூடாது. அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயற்கை நிலையிலேயே விட்டுவைக்க வேண்டிய காட்டுப்பகுதிகளாக (வில்டர்னெஸ்) அறிவிக்கப்பட்ட இடங்களில் சைக்கிளுக்கு இடமே இல்லை. இவற்றை விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபின் விசாரித்தால் பாதி விடுமுறை திட்டத்தை மாற்றுவதிலேயே கழியும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: உரிமை இருப்பதும் ஓட்ட முடிவதும் ஒன்றல்ல. சட்டப்படி திறந்திருக்கும் ஒரு பாதை தரையில் சேற்று நிலத்தின் நடுவே அடையாளமின்றி மறைந்துபோயிருக்கலாம்.

மற்றவர்கள் பதிவேற்றிய தடங்களையும், பலர் போன வழிகளைப் பளிச்சென்று காட்டும் வெப்பப் படங்களையும் அப்படியே நம்புவதும் இதே வகைத் தவறுதான். பலர் போயிருக்கிறார்கள் என்பதை அவை காட்டும். அனுமதியோடு போனார்களா, எந்தத் திசையில் போனார்கள், மின்சைக்கிளில் போனார்களா, அதற்குப் பிறகு மண் சரிந்ததா, மரம் வெட்டுவதற்காக வழி அடைக்கப்பட்டதா என்பவற்றைக் காட்டாது. பாதையைத் தேர்ந்தெடுக்கும் தொடக்கப் புள்ளியாக அவற்றைக் கொள்ளலாம், சான்றாகக் கொள்ள வேண்டாம்.

வானிலையைப் பார்க்கிறவர்கள்கூடத் தரையைப் பார்ப்பதில்லை. அன்றைய முன்னறிவிப்பு வெயில் என்று சொன்னாலும், அதற்கு முந்தைய மூன்று நாள் மழை பாதையில் அப்படியே கிடக்கும். களிமண் நிலத்தில் ஈரம் இருந்தால் டயரில் மண் அப்பி, சட்டகத்துக்கும் சக்கரத்துக்கும் இடையில் அடைத்து, சக்கரமே சுற்றாமல் நின்றுவிடும். சுண்ணாம்புப் பாறையும் சாக் நிலமும் நனைந்தால் வழுக்கும். சொரசொரப்பான கிரானைட் பாறை நனைந்தாலும் ஓரளவு பிடிமானம் தரும். எனவே ஒரு பகுதிக்குப் போகும்முன் அதன் பாறை வகையைத் தெரிந்துகொள்வது ஆடம்பர அறிவல்ல. நனைந்த மரவேர்கள் எங்கும் ஆபத்தானவை, அவற்றைக் குறுக்கே நேராகத்தான் கடக்க வேண்டும், சாய்வாகக் கடந்தால் முன்சக்கரம் வழுகிப்போகும். ஊறிய கரிச்சதுப்பு நிலத்தில் ஓட்டினால் விழும் தடத்தில் மழைநீர் ஓடிப் பள்ளமாக்கும். சேற்றைத் தவிர்க்கப் பாதையின் ஓரப் புல்லில் ஏறி ஓட்டினால் பாதை ஆண்டுக்காண்டு அகலமாகிக்கொண்டே போகும். எனவே ஒவ்வொரு நாளுக்கும் ஈரத்தைத் தாங்கும் கற்பாதை ஒன்றையோ வனச்சாலை ஒன்றையோ மாற்றாக எழுதி வைத்திருப்பது நல்லது. ஓடைகளைக் கடக்கும் இடங்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பனி உருகிவரும் ஓடையில் காலையில் கணுக்கால் அளவு ஓடும் நீர், வெயில் ஏறிய பின் பிற்பகலில் முழங்காலுக்கு மேல் வந்துவிடலாம்.

விடுமுறை என்பதற்கே உரிய தவறுகளும் சில உண்டு. வந்து சேர்ந்த மறுநாளே மிக நீளமான சுற்றை வைத்துக்கொள்வது அவற்றில் முதன்மையானது. முதல் நாள் ஒரு குட்டைச் சுற்றை ஓட்டினால் அந்த மண்ணில் உங்கள் உண்மையான வேகம் தெரிந்துவிடும். மற்ற நாள்களின் கணக்கை அதை வைத்துத் திருத்திக்கொள்ளலாம். குழுவில் மிக வேகமானவரின் ஆசைக்கேற்பப் பாதை அமைப்பது இன்னொரு தவறு. தங்குமிடத்தையோ வாகனம் நிறுத்திய இடத்தையோ நடுவில் வைத்து, எட்டு வடிவத்தில் இரண்டு சிறு சுற்றுகளாகத் திட்டமிட்டால், களைத்தவர் முதல் சுற்றோடு நின்றுகொள்ள, மற்றவர்கள் இரண்டாவதற்குப் போகலாம். யாருடைய முகமும் வாடாது.

சைக்கிளை வாடகைக்கு எடுப்பவர்கள் புறப்படும்முன் பிரேக் கைப்பிடியை அழுத்திப் பார்ப்பதே இல்லை. பிரிட்டனில் வலக்கைப் பிடி முன்சக்கரத்துக்கானது. ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் அமெரிக்காவிலும் இடக்கைப் பிடிதான் முன்சக்கரத்துக்கு. ஒரு முறைக்குப் பழகிய கை, செங்குத்தான இறக்கத்தில் பின்பிரேக் என்று நினைத்து முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்தால், ஓட்டுபவர் கைப்பிடிக்கு மேலாகப் பறந்து விழ நேரும். கடையில் கேட்டால் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் மாற்றித் தந்துவிடுவார்கள்.

சொந்தச் சைக்கிளைக் கொண்டுபோகிறவர்கள் கூடுதல் டியூப், பம்ப் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் விடுமுறை முழுவதையும் கெடுக்கக்கூடிய உதிரிப்பாகம் விரல் நீளமே உள்ள டெரெய்லர் ஹேங்கர்தான். பின்சக்கரத்தின் வலப்பக்கத்தில் கியர் மாற்றும் டெரெய்லரைச் சட்டகத்தோடு இணைக்கும் இந்த அலுமினியத் துண்டு, அடிபட்டால் சட்டகத்துக்குப் பதிலாகத் தான் வளைய வேண்டும் என்பதற்காகவே மென்மையாகச் செய்யப்படுகிறது. வளைந்ததைக் கவனிக்காமல், ஏற்றத்துக்கான மிக எளிதான கியருக்கு, அதாவது பின்சக்கரத்தின் மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால், டெரெய்லர் சக்கரக் கம்பிகளுக்குள் நுழைந்து முறிந்துவிடும். சைக்கிள் பாகங்கள் தயாரிக்கும் ஸ்ராம் நிறுவனம் 2019இல் பொது ஹேங்கர் ஒன்றைக் கொண்டுவந்ததிலிருந்து நிலைமை சற்று மாறியிருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய சைக்கிள்களில் சட்டகத்துக்குச் சட்டகம் வடிவம் வேறு, எனவே சிற்றூர்க் கடையில் உங்களுக்குரியது கிடைப்பது அரிது. சரியான ஒன்றை வீட்டிலிருந்தே எடுத்துப்போவது நல்லது. டியூப் இல்லாத டயரில் ஓட்டையை அடைப்பதற்காக ஊற்றும் சீலன்ட் திரவம் சில மாதங்களில் உலர்ந்துவிடும் என்பதால் அதையும் கிளம்பும்முன் பார்த்துவிட வேண்டும். மணல் கலந்த ஈரத்தில் ரெசின் வகை பிரேக் பேடுகள் ஒரே நாளில் தேய்ந்துவிடுவதும் உண்டு, ஒரு ஜோடி கைவசம் இருக்கட்டும்.

கடைசியாக, வெளியேறும் வழி இல்லாத சுற்றைத் திட்டமிடுவது. எங்கெங்கே சாலைக்கோ ஊருக்கோ குறுக்கே இறங்கலாம் என்பதைக் குறித்து வைத்து, இத்தனை மணிக்குள் இந்த இடத்தை எட்டாவிட்டால் திரும்பிவிடுவோம் என்று முன்னமே முடிவுசெய்துகொள்ள வேண்டும். களைத்தபின் எடுக்கும் முடிவு நம்பிக்கையின் பக்கமே சாயும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும், காட்டுக்குள்ளும் பள்ளத்தாக்கிலும் மாலை முந்தியே கவியும், குளிரில் கைப்பேசியின் மின்கலம் விரைவில் தீரும். எனவே ஒரு விளக்கு, ஒரு காற்றுத்தடுப்பு மேற்சட்டை, தாள் வரைபடம், விசில் ஆகியவை கோடைக்காலத்திலும் பையில் இருக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை விசிலடித்து, ஒரு நிமிடம் இடைவெளி விட்டு, மீண்டும் அடிப்பது மலைப்பகுதிகளில் அறியப்பட்ட அபாயக் குறி. மூன்று முறை ஒலித்தால் அது பதில். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் பிரிட்டனிலும் 112 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்திலும் வேறொரு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் அழைப்பு போய்ச் சேரும். எந்த வழியாகப் போகிறீர்கள், வாகனம் எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்குமேல் தகவல் இல்லையென்றால் மீட்புக் குழுவை அழைக்க வேண்டும் என்ற மூன்றையும் தங்குமிடத்தில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். இறங்கியதும் அவருக்கு முதலில் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் குளித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மீட்புக் குழு உங்களைத் தேடி மலையில் ஏறிக்கொண்டிருக்கும்.