முதல் மடக்குக் கத்தி: சீனத் தயாரிப்பில் நல்லதைத் தேர்ந்தெடுத்துப் பழகுவது எப்படி?

முதன்முதலாக மடக்குக் கத்தி வாங்குகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எந்த எஃகு நல்லது?" எஃகை அப்புறம் பார்க்கலாம், முதலில் லாக்கை, அதாவது திறந்த பிளேடு மடங்காமல் பிடித்துவைக்கும் பூட்டைப் பாருங்கள் என்பதே என் பதில். கூர் மழுங்கினால் பத்து நிமிடத்தில் தீட்டிவிடலாம். அழுத்தி வேலை செய்யும்போது லாக் நழுவினால் பிளேடு மடங்கி விழுவது நம் விரல்மேல்.

சீனக் கத்தி என்றாலே மட்டம் என்ற எண்ணம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. தெற்குச் சீனாவில், குவாங்டாங் மாகாணத்தின் கடலோரத்தில் யாங்ஜியாங் என்று ஒரு நகரம் உண்டு. கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் பேர்போன ஊர். அங்குள்ள வீ நைஃப் நிறுவனம் 2000ஆம் ஆண்டிலிருந்து பிற பிராண்டுகளுக்குக் கத்தி செய்து கொடுத்துக் கை தேர்ந்து, பிறகு தன் பெயரிலேயே விற்கத் தொடங்கியது. அதே நிறுவனம் 2018இல் விலை குறைந்த வரிசையாகக் கொண்டுவந்ததுதான் சிவிவி. 2012இல் தொடங்கிய கைசரும் யாங்ஜியாங்கைச் சேர்ந்ததுதான். சான்ரென்மு, கியூஎஸ்பி, பெஸ்டெக், ரியேட் என்று இன்னும் பல பெயர்கள் உண்டு. அமெரிக்க பிராண்டான ஸ்பைடர்கோ விற்கும் டெனேஷியஸ் என்ற கத்திகூட சீனாவில் தயாராவதுதான்.

படி 1: அளவும் வடிவமும்

7 முதல் 8 செ.மீ. பிளேடு போதும். பார்சல் பிரிக்க, கயிறு அறுக்க, பழம் நறுக்க அதற்குமேல் தேவைப்படாது. பல் வைத்த பிளேடு வேண்டாம், தீட்டுவது சிரமம். எவ்வளவு நீளம்வரை கையில் கொண்டுபோகலாம், லாக் இருக்கலாமா என்பது ஊருக்கு ஊர் மாறும். வாங்குவதற்கு முன்பே உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். விமானத்தில் ஏறும்போது கைப்பையில் இருக்கக் கூடாது.

இன்னொரு விஷயம். புகழ்பெற்ற கத்திகளை அப்படியே நகல் எடுத்து விற்கும் போலிகளும் உண்டு. மேலே அச்சிட்டிருக்கும் எஃகின் பெயர் உண்மையா என்று தெரிந்துகொள்ள நமக்கு வழியே இல்லை. தன் பெயரையும் தன் வடிவமைப்பையும் போட்டு விற்கிற நிறுவனத்திடமே வாங்குங்கள்.

படி 2: எந்த லாக்?

அதிகம் கிடைப்பது லைனர் லாக். கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு, பிளேடு திறந்ததும் பக்கவாட்டில் நகர்ந்து பிளேடின் அடிப்பகுதிக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கும். ஃபிரேம் லாக்கும் இதே தத்துவம்தான். தனித் தகடுக்குப் பதிலாகக் கைப்பிடியின் ஒரு பக்கமே முட்டுக்கொடுக்கும். இரண்டிலும் ஒரு சங்கடம்: மூடும்போது பெருவிரல் பிளேடு வரும் பாதையிலேயே இருக்கும்.

கிராஸ்பார் லாக்கில் குறுக்கே ஒரு சிறு கம்பி இருக்கும். அதைப் பின்னால் இழுத்தால் பிளேடு விடுபடும். பட்டன் லாக்கில் பொத்தானை அழுத்தினால் போதும். இரண்டிலும் விரல்கள் பாதைக்கு வெளியே இருக்கும். முதல் கத்திக்கு இந்த இரண்டில் ஒன்றைத்தான் நான் சொல்வேன். இடக்கைக்காரர்களுக்குக் கிராஸ்பார் இன்னும் வசதி, ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வேலை செய்யும்.

படி 3: எஃகு

சீன எஃகின் பெயரே ஏறக்குறைய அதன் சமையல் குறிப்பு. 8சிஆர்13எம்ஓவி என்றால் சுமார் 0.8 சதவீதம் கார்பன், 13 சதவீதம் குரோமியம், கூடவே கொஞ்சம் மாலிப்டினமும் வனேடியமும். சீக்கிரம் மழுங்கும், சுலபமாகத் தீட்டலாம். டி2 எஃகு கூரை நெடுநாள் பிடித்துவைக்கும், ஆனால் முழுத் துருப்பிடிக்காத எஃகு அல்ல. என்னுடைய டி2 கத்தியில் ஒருமுறை எலுமிச்சை நறுக்கிவிட்டுத் துடைக்காமல் வைத்துவிட்டேன். காலையில் பிளேடு முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். அன்றிலிருந்து புதியவர்களுக்கு 14சி28என் என்ற சுவீடன் எஃகைத்தான் சொல்கிறேன். சீன நிறுவனங்கள் இப்போது அதை நிறையப் பயன்படுத்துகின்றன. துருவுக்கு எளிதில் இடம் கொடுக்காது, தீட்டவும் நன்றாக வரும்.

எஃகைச் சூடாக்கி, குளிரவைத்துப் பதம் ஏற்றுவதில்தான் தயாரிப்பாளரின் கைவண்ணம் இருக்கிறது. ஒரே டி2 இரண்டு நிறுவனங்களிடமிருந்து வந்தால் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

படி 4: பெட்டியைத் திறந்ததும் செய்ய வேண்டிய சோதனை

இதற்குக் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். அவசரப்படாதீர்கள், குறை இருந்தால் திருப்பி அனுப்ப இதுதான் நேரம்.

முதலில், மூடிய கத்தியை மேலிருந்து பாருங்கள். இரண்டு பக்கத் தகடுகளுக்கும் நடுவே பிளேடு நிற்க வேண்டும். இம்மி விலகியிருந்தால் பரவாயில்லை. ஒரு பக்கம் உரசினால் சரியில்லை.

அப்புறம் மூடியபடியே முனைப்பக்கம் கீழே வரும்படி பிடித்து லேசாக உதறுங்கள். பிளேடு அசையக் கூடாது. லைனர் லாக்கிலும் ஃபிரேம் லாக்கிலும் மூடிய பிளேடைப் பிடித்துவைப்பது தகட்டில் பதித்த ஒரு சின்னக் குண்டு. எந்த லாக்காக இருந்தாலும் இந்தப் பிடிப்பு வலுவில்லாமல் இருந்தால் பாக்கெட்டிலேயே கத்தி திறந்துகொள்ளும். இந்தச் சோதனையில் தோற்ற கத்தியை நான் ஒருபோதும் வைத்துக்கொள்வதில்லை.

இனி திறந்து பாருங்கள். லைனர் லாக், ஃபிரேம் லாக் என்றால் முட்டுத் தகடு பிளேடின் அடியில் எவ்வளவு தூரம் ஏறி நிற்கிறது என்று கவனியுங்கள். அடிப்பகுதியின் அகலத்தில் கால் முதல் பாதிவரை ஏறியிருந்தால் நல்லது. ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு நின்றால் நழுவும். முதல் நாளே எதிர்ப்பக்கத் தகடுவரை போய்விட்டால் தேய்மானத்துக்கு இடமே இல்லை.

பிளேடின் முதுகை, அதாவது கூர் இல்லாத விளிம்பைப் பிடித்து இடவலமாகவும் மேல்கீழாகவும் அசைத்துப் பாருங்கள். இடவல ஆட்டம் இருந்தால் பயப்பட வேண்டாம். பிளேடு சுழலும் அச்சில் இருக்கும் ஸ்க்ரூவைக் கொஞ்சம் இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மேல்கீழ் ஆட்டம் அப்படியல்ல. லாக்கே ஒழுங்காகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். ஸ்க்ரூவை இறுக்கித் தீராது, திருப்பி அனுப்புங்கள்.

கடைசியாக, விரல்கள் எதுவும் பிளேடு மடங்கும் பாதையில் இல்லாதபடி கைப்பிடியைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, பிளேடின் முதுகை மரப்பலகைமேல் வைத்து மெதுவாக அழுத்துங்கள். லாக் அசையாமல் நிற்க வேண்டும். சிலர் முதுகை ஓங்கி அடித்துச் சோதிப்பார்கள். அது நல்ல லாக்கையும் கெடுத்துவிடும்.

படி 5: திறந்து மூடப் பழகுதல்

உட்கார்ந்து, மேசைமேல் கை வைத்து, மெதுவாக. லைனர் லாக் என்றால் பெருவிரலால் தகட்டைத் தள்ளி, மற்றொரு கையால் பிளேடின் முதுகைப் பிடித்துக் கொஞ்சம் மடக்குங்கள். பெருவிரலை எடுத்துவிட்டு அப்புறம் முழுவதும் மூடுங்கள். ஒரு கையால் மூடுவது சில வாரம் கழித்துத் தானாக வரும். கத்தி தவறி விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள், காலை நகர்த்திக்கொண்டு விழ விடுங்கள்.

படி 6: துடைப்பும் எண்ணெயும்

பயன்படுத்தியதும் துடைத்துக் காயவையுங்கள். அச்சுக்கு ஒரே ஒரு சொட்டு எண்ணெய். லாக் பிளேடைத் தொடும் இடத்தில் எண்ணெய் படவே கூடாது, வழுக்கும். ஸ்க்ரூக்களுக்கு பெரும்பாலும் டி6, டி8 அளவு டார்க்ஸ் (நட்சத்திர முனை) ஸ்க்ரூடிரைவர் வேண்டும். மலிவான முனையைப் போட்டுத் திருகினால் ஸ்க்ரூத் தலை வழுவழுவென்று ஆகிவிடும். ஆரம்பத்திலேயே முழுவதும் கழற்றிப் பார்க்கும் ஆசையைத் தள்ளிப்போடுங்கள். உள்ளே இருக்கும் பேரிங் குண்டுகள் தொலைந்தால் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

படி 7: தீட்டுதல்

1000 கிரிட் (கல்லின் சொரசொரப்பைக் குறிக்கும் எண்) அளவில் ஒரு சாணைக்கல் போதும். கோணம் ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 டிகிரி. அதைக் கண்ணால் கணிக்க, பிளேடை நேர்க்குத்தாக நிறுத்தி, பாதி சாய்த்து, அதிலும் பாதி சாய்த்தால் 22.5 டிகிரி வந்துவிடும். இன்னும் துளி சாய்த்துக்கொள்ளுங்கள். கூர் விளிம்பில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிட்டுத் தீட்டுங்கள். மை முழுவதும் அழிந்தால் கோணம் சரி. முதுகை நோக்கிய மேற்பக்கம் மட்டும் அழிந்தால் அதிகம் சாய்த்துவிட்டீர்கள், முதுகைக் கொஞ்சம் தூக்குங்கள்.

ஒரு பக்கம் தீட்டும்போது மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு தட்டுப்படும். விரலை விளிம்பின் நீளவாக்கில் ஓட்டாமல், முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவிப் பார்த்தால் தெரியும். அடியிலிருந்து முனைவரை பிசிறு வந்த பிறகுதான் அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும். இரண்டு பக்கமும் முடிந்ததும் அழுத்தத்தைக் குறைத்து மாற்றி மாற்றி இழுங்கள். பழைய தோல் பெல்ட்டின் உட்பக்கத்தில், முதுகு முன்னே போகும்படி பத்துப் பதினைந்து முறை இழுத்தால் மீதிப் பிசிறும் போய்விடும். ஒரு தாளைத் தொங்கவிட்டு வெட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் தாள் சிக்கிக் கிழிகிறதோ, பிளேடின் அந்த இடத்தில் மட்டும் மறுபடி தீட்டினால் போதும்.