பாரிஸ் செனெலியே கடையில் வண்ணம் வாங்கப் போகிறவர்களுக்கு

செய்ன் ஆற்றின் தென்கரையில், கே வோல்தேர் தெருவில் மூன்றாம் எண் கட்டடம். குஸ்தாவ் செனெலியே 1887-ல் தொடங்கிய ஓவியப் பொருள் கடை. லூவர் அருங்காட்சியகத்திலிருந்து காருசெல் பாலத்தைக் கடந்தால் சில அடி தூரம்தான். ஞாயிறு விடுமுறை. மதிய உணவுக்குப் பூட்டும் பழக்கம் பாரிஸின் பழைய கடைகளில் உண்டு என்பதால், அன்றைய நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

நுழைந்ததும் "போன்ழூர்" சொல்லுங்கள். சொல்லாமல் நேராக அலமாரியில் கைவைத்தால் பிரெஞ்சுக் கடைகளில் முகம் சுளிப்பார்கள். பேஸ்டல் (நிறமியை அழுத்திச் செய்த வண்ணக் குச்சி) இழுப்பறைகளையும் கேட்டுவிட்டே திறக்க வேண்டும். ஒரு குச்சி உடைந்தால் அதன் தூள் பக்கத்து நிறங்களையெல்லாம் அழுக்காக்கிவிடும்.

எதை வாங்குவது? ட்யூப் வண்ணங்களை இணையத்திலும் வாங்கலாம். நேரில் போவதன் முழுப் பலன், கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாகப் பொறுக்கும் பேஸ்டலில்தான். மென்பேஸ்டல் 525 நிறங்களில் வருகிறது. எண்ணெய் பேஸ்டல் இந்தக் கடையின் தனிப் பெருமை: பிக்காசோவுக்காக ஓவியர் ஆன்ரி கெட்ஸ் கேட்டதன்பேரில் 1949-ல் உருவானது. உதட்டுச் சாயம் போல வழுக்கிக்கொண்டு போகும். பள்ளிக்கூட எண்ணெய் பேஸ்டலோடு ஒப்பிடவே முடியாது.

நீங்கள் வழக்கமாக வரையும் தாளில் உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்றை எடுத்துப் போங்கள். கடைக்காரர் சம்மதித்தால் அதில் கீறி, வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். மின்விளக்கடியில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு நீலங்கள் பகலில் பிரிந்து நிற்கும். கடை வடக்கே ஆற்றைப் பார்த்து இருப்பதால் நேர்வெயில் விழாத, நிறத்தைத் திரிக்காத வெளிச்சம் கிடைக்கும். பிடித்த குச்சியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காகிதச் சுற்றைக் கிழித்துவிட்டால் அதே நிறத்தை மறுபடி வாங்கத் திண்டாட வேண்டும்.

ட்யூப் வாங்குவதானால் பெயரை நம்பாமல் அதன்மேல் உள்ள நிறமிக் குறியீட்டைப் படியுங்கள். பிபி 29 (PB29) என்றால் அல்ட்ராமரின் நீலம். பெயரோடு "ஹியூ" (Hue) என்று சேர்ந்திருந்தால் அசல் நிறமிக்குப் பதில் மாற்று போட்டிருக்கிறார்கள் என்று பொருள். விலை ட்யூபில் உள்ள தொடர் எண்ணைப் (Series) பொறுத்தது: எண் கூடக் கூட விலையும் ஏறும். கோபால்ட், காட்மியம் வகைகள் மேல்தொடரில் இருப்பதால், பில்லைப் பார்த்து அதிர்ந்துபோகாமல் இருக்க முன்பே பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கவே கூடாதவை: டர்பன்டைன், ஸ்ப்ரே வார்னிஷ், ஃபிக்ஸேட்டிவ் (பேஸ்டல் தூள் உதிராமல் ஓவியத்தின்மேல் தெளிப்பது). தீப்பற்றும் பொருள் என்பதால் விமானத்தில் பெட்டியிலும் ஏறாது, கையிலும் ஏறாது. எண்ணெய் வண்ண ட்யூபில் இருப்பது தாவர எண்ணெய். அதை செக்-இன் பெட்டியில் வைக்கலாம். சோதனையில் கேட்டால் "பெயின்ட்" என்று மட்டும் சொல்லாதீர்கள், வீட்டுச் சுவருக்கு அடிக்கும் பெயின்ட் என்று எடுத்துக்கொள்வார்கள். ஓவியருக்கான தாவர எண்ணெய் வண்ணம் என்று சொல்லி, நிறுவனத்தின் பாதுகாப்புத் தாளை (Safety Data Sheet) அச்சடித்துக் காட்டுங்கள். கைப்பையில் வைத்தால் ட்யூபும் திரவக் கணக்குதான், 100 மில்லி விதி பொருந்தும்.

மென்பேஸ்டலை இரண்டு பஞ்சு அடுக்குகளுக்கு நடுவே, குலுக்கினால் ஆடாதபடி இறுக்கி, கைப்பையிலேயே வையுங்கள். தூசி படிந்தால் கவலை வேண்டாம். வீட்டுக்கு வந்து பச்சரிசியில் போட்டு மெதுவாக உருட்டினால் போய்விடும் (அந்த அரிசியைச் சமைத்துவிடாதீர்கள், சில நிறமிகள் விஷம்). 56×76 செ.மீ. நீர்வண்ண முழுத்தாளை இறுக்கிச் சுருட்டினால், 300 கிராம் (சதுர மீட்டருக்கு) கனமுள்ள தாளில் மடிப்பு விழலாம். நான்காகக் கிழித்தால் 28×38 செ.மீ.; பெட்டியின் அடியில் தட்டையாகக் கிடக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரித்திருப்பம் (விலையில் சேர்ந்த வரியைத் திரும்பப் பெறுவது) கேட்கலாம். கடைக்கு அது கட்டாயமல்ல என்பதால், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பணம் கட்டும் முன்பே கேளுங்கள். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன் பாப்லோ (PABLO) என்னும் வரித்திருப்ப இயந்திரத்தில் கடை தந்த படிவத்தை ஸ்கேன் செய்ய வேண்டும். பொருளைக் காட்டச் சொன்னால் அது கையருகே இருக்க வேண்டுமல்லவா?

நீர்வண்ணம் வாங்கும் சென்னை, கொழும்புக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. செனெலியே நீர்வண்ணத்தில் தேன் கலந்திருக்கிறது. கடலோர ஈரக்காற்றில் ட்யூபிலிருந்து கிண்ணியில் பிழிந்த வண்ணம் வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். ஒரேயடியாக நிரப்பாமல் மூன்று மெல்லிய அடுக்குகளாகப் பிழிந்து, ஒவ்வொன்றையும் உலரவிட்டு அடுத்ததைப் பிழியுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும்.