டிரஸ்ட் வழக்கா? கோர்ட் படியேறும் முன்

போன வாரம் எங்கள் வக்கீல் ஆபீஸ் ஜூனியர் ஒரு பிராதை, அதாவது வழக்கு மனுவை, கொண்டுவந்து நீட்டினார். சத்திரம் நடத்தும் டிரஸ்ட். டிரஸ்டி கணக்கே காட்டுவதில்லை. வாதி ஒரே ஒருவர். தலைப்பில் 'மாவட்ட முன்சீப் நீதிமன்றம்'. இருபது வருடத்துக்கு முன் நான் எழுதியதை நகல் எடுத்த மாதிரியே இருந்தது. கோர்ட் ஃபீ, வக்காலத்துக் குறைகளையெல்லாம் குமாஸ்தாவே பிடித்துவிடுவார். அவர் கண்ணில் படாத தவறுகள் கீழே.

பொது டிரஸ்ட்டைச் சாதாரண தாவாவாகப் போடுவது

என் கேஸ் ஒரு தண்ணீர்ப்பந்தல் தர்மம். அதற்கென எழுதிவைத்த நாலு ஏக்கர் நஞ்சை. குத்தகைப் பணம் எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாது. கணக்குக் கேட்டும், நிரந்தர உறுத்துக்கட்டளை (கோர்ட் தடை உத்தரவு) கேட்டும் முன்சீப் கோர்ட்டில் போட்டேன். நம்பர் ஆகி, இடைக்காலத் தடையும் கிடைத்ததில் தலைகால் புரியவில்லை.

ஐந்து வருடம் வாய்தா. விசாரணைக்கு வந்த அன்று எதிர்த்தரப்பு சீனியர் எழுந்து, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-வது பிரிவை மட்டும் வாசித்தார். பொது தர்மத்தில் டிரஸ்டியை நீக்கவோ, கணக்குக் கேட்கவோ, ஸ்கீம் (நிர்வாகத் திட்டம்) வகுக்கவோ வேண்டுமானால் அட்வகேட் ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) வழக்குப் போட வேண்டும். இல்லையென்றால் அந்த தர்மத்தோடு சம்பந்தமுள்ள இரண்டு பேராவது சேர்ந்து, முதலில் நீதிமன்ற அனுமதி வாங்கிப் போட வேண்டும். சொத்து எவ்வளவு பெறும் என்பது பொருட்டே இல்லை. போக வேண்டியது மாவட்ட நீதிமன்றம், அல்லது அரசு அதிகாரம் கொடுத்த வேறு நீதிமன்றம். என்னிடம் அனுமதியும் இல்லை, இரண்டாவது ஆளும் இல்லை. பிராது நிராகரிக்கப்பட்டது. தடை போனதும் ஒரு ஏக்கர் கைமாறியது.

இன்றும் எரிச்சல் தருவது வேறு. இந்த ஆட்சேபணை எதிர்வழக்குரையின் இரண்டாவது பத்தியிலேயே இருந்தது. 'எல்லாரும் எழுதும் வரிதானே' என்று தாண்டிப்போயிருக்கிறேன். "அப்போ அஞ்சு வருஷமா நாம எங்க சார் நின்னோம்?" என்றார் கட்சிக்காரர்.

'உறுத்துக்கட்டளை மட்டும் கேட்டால் தப்பிக்கலாமே' என்பார்கள். பரிகாரத்தின் பெயரை மட்டும் கோர்ட் பார்ப்பதில்லை, வழக்கின் முக்கிய நோக்கத்தையும் பார்க்கும். மறுபக்கமும் உண்டு: உங்கள் சொந்த உரிமைக்காகவோ, ஆக்கிரமித்த வெளியாளை அப்புறப்படுத்தவோ போடும் வழக்குக்கு 92 பொதுவாகத் தேவைப்படாது.

கோயில் கட்டளைக்கு (கோயில் காரியத்துக்கு எழுதிவைத்த தர்மத்துக்கு) நேராக சிவில் கோர்ட்

தமிழ்நாட்டில் இந்து சமய நிறுவனங்களுக்கு 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம் இருக்கிறது. பரம்பரை தர்மகர்த்தாவா இல்லையா என்பது போன்ற தகராறுகள் 63-வது பிரிவின்கீழ் முதலில் இணை ஆணையரிடம் போகும். அப்புறம் ஆணையர், அதற்கும் அப்புறம்தான் கோர்ட்.

வக்பு

இஸ்லாமிய அறக்கொடைத் தகராறு போக வேண்டியது சிவில் கோர்ட்டுக்கு அல்ல, வக்பு தீர்ப்பாயத்துக்கு.

குடும்ப டிரஸ்ட்டுக்கு 34-வது பிரிவு

1882 இந்திய டிரஸ்ட் சட்டத்தின் அந்தப் பிரிவில் டிரஸ்டி ஆலோசனை மட்டும் கேட்கலாம். சிக்கலான சண்டையை அதில் தீர்க்க முடியாது.

பத்திரத்தில் மத்தியஸ்தம் இருக்கிறதே

டிரஸ்ட் சண்டையை கோர்ட்டுக்கு வெளியே மத்தியஸ்தர் (ஆர்பிட்ரேட்டர்) தீர்ப்புக்கு விடுவது நடக்காது. 2016-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பத்திரம் பதிவான ஊரில் போடுவது

92 வழக்கில் டிரஸ்ட் சொத்து முழுதுமோ ஒரு பகுதியோ எங்கே இருக்கிறதென்று பாருங்கள்; அந்த ஊர் கோர்ட்டில்தான் போட வேண்டும்.

பெயருக்கு ஓர் இரண்டாவது வாதி

ஜூனியர் நேற்று உற்சாகமாக வந்தார். "சார், கட்சிக்காரரோட மச்சான் கையெழுத்துப் போடுறாராம்."

"அந்தச் சத்திரத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் தம்பி?"

மறுபடி போன் பண்ணப் போயிருக்கிறார்.